பெரம்பலூர் எங்கே நிற்கும்?

நாவலின் கடைசிப் பக்கத்தில் கைப்பேசி எண்ணைப் போடாதே என்று ஈப்போவில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். நான்தான் கேட்கவில்லை. வாசகர்கள் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள் என்று ஓர் ஆசை. புத்தகம் வந்த பிறகு கூப்பிட்டவர் ஒரே ஒருவர். அவரும் எரிவாயுக் கடைக்குப் போட்ட எண் மாறி வந்தவர். அதற்கப்புறம் ஒருநாள் காலையில் இந்தியாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"'வழி கேட்காதவன்'னு கதை எழுதுனது நீங்கதானுங்களா?"

குரலைச் சரிசெய்துகொண்டு, "ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

"எங்கண்ணன் அதைப் படிச்சுட்டு வூட்ட வுட்டுக் கெளம்பிடுச்சு. அடுத்து எங்க போவும்?"

எனக்கு முதலில் உறைத்தது இலக்கணம்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அண்ணனை அஃறிணையில் சொல்கிறாளே, வளர்க்கிற நாயைப் பற்றிப் பேசுகிறாளோ என்று குழம்பினேன். "எங்கே போகும் என்றால்?"

"கதையில அடுத்து எங்க போவான்னு கேக்குறங்க. எழுதுன உங்களுக்குத்தான தெரியும்?"

என் நாவலைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எப்படி வாழ்ந்தால் நல்ல வாழ்க்கை என்று தேடி ஒருவன் ஊர் ஊராகப் போகிறான். அவனுக்கு மூன்று விதிகள். முதலில் வந்து நிற்கிற வண்டியில் ஏறு. பசிக்கிற இடத்தில் இறங்கு. ஓர் ஊரில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டால் அங்கிருந்து கிளம்பு. இதைத் தடிமனான புத்தகமாக எழுதியிருந்தேன். எழுதியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பினாங்குக்குப் போவதென்றால்கூட ஒரு வாரம் முன்னாலேயே பெட்டி கட்டி, தண்ணீர்ப் போத்தலுக்குப் பேர் எழுதி ஒட்டுகிற ஆள் நான்.

கூப்பிட்டவள் பேர் மாலதி. பெரம்பலூருக்குப் பக்கத்தில் வாலிகண்டபுரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முடியிறக்கிக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். "எனக்கு இருக்கறது ஒரே அண்ணங்க. மடியில்லாம நான் எங்க போறது? அனுப்பிவெச்சது நீங்க. நீங்கதான் கூட்டியாந்து வுடணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று எனக்குக் காலைப் பசியாறல் இறங்கவில்லை. பாதி பயம். மீதிப் பாதி என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: சந்தோஷம். என்னை நம்பி ஒரு மனுஷன் வீட்டையே விட்டுப் போயிருக்கிறானாமே! இரண்டும் சேர்ந்து என்னைத் திருச்சியில் கொண்டுவந்து இறக்கின.

திருச்சியில் ஏறிய பஸ்ஸில் என் காலடியில் ஒரு சின்ன வெங்காய மூட்டை. மூட்டைக்கு உரிய அம்மா எனக்குப் பக்கத்தில் தூங்கினார். கண்டக்டர் வந்து, "பெரம்பலூர்ல புது பஸ் ஸ்டாண்டா, பழசா?" என்றார்.

"எது நல்லதோ அது" என்றேன்.

"ரெண்டும் பஸ் ஸ்டாண்டுதாம்மா. வெரசா சொல்லுங்க."

எனக்குப் புதியது பிடிக்கும். புதியதில் இறங்கினேன். நான் போக வேண்டிய இடம் பழையதன் பக்கத்தில் என்று இறங்கிய பிறகு தெரிந்தது. நிழலில் நின்ற ஒருவரிடம், "இங்கே காடி கிடைக்குமா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் வாடகைக்கு எடுக்கிற காருக்குக் காடி என்றுதான் பேர்.

அவர் என் பெட்டியைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார். "மாட்டுக்குங்களா?"

இங்கே காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற கழுநீராம். ஆட்டோ பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். போகும்போது, "மாடு எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்குத் தால் தனிக் கிண்ணத்தில் வரும். தொட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது நம் இஷ்டம். இங்கே பரிமாறியவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேலே சால்னாவை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். கோபமாக வந்தது. ஒரு வாய் வைத்ததும் போய்விட்டது.

மாலதியின் அண்ணன் பேர் செந்தில்குமார். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு டீக்கடை, அதற்கடுத்து ஒரு தையல்கடை. காணாமல் போனவரைத் தேடுவதென்றால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் அல்லவா? காணோம் என்று ஊரெல்லாம் தெரிய வேண்டாம் என்று மாலதி சொல்லியிருந்ததால் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"ஜெராக்ஸ் கடைத் தம்பி எப்படிப்பட்டவர்?"

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கேருந்து வரீங்க?"

"மலேசியா."

"அப்படிங்களா!" என்று முகம் மலர்ந்து, பெஞ்சைத் துடைத்துவிட்டார். "தங்கமான பையங்க."

"குடிப்பாரா?"

"கல்யாண வூட்ல ஊத்திக் குடுத்தாக்கூடத் தொடாதுங்க."

"வேறு பெண்களோடு பழக்கம், கிழக்கம்?"

"சேச்சே! தலை நிமிராது."

தையல்கடை அம்மாவும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். செந்தில்குமாருக்குச் சொந்த வீடு உண்டு, கோபம் வராது, அம்மா அப்பா இல்லாததால் யார் தொந்தரவும் கிடையாது என்று நான் கேட்காததையெல்லாம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்கியே வெச்சுக்குவீங்களா, இங்க அனுப்பிடுவீங்களா?" என்றார்.

எதை என்று புரியவில்லை. "கிடைத்தால் இங்கேதான் கொண்டுவந்து விடுவேன்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். சூடாக வாழைக்காய் பஜ்ஜி வந்தது. என்ன ஊரப்பா இது, விசாரிக்க வந்தவளுக்கு இவ்வளவு உபசாரமா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வாலிகண்டபுரம் போனேன். மாலதி வீட்டு வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. மகள் யாழினி தலை நிறையச் சுருட்டை முடியோடு வந்து, என்னைப் பார்த்ததும் தெற்றுப்பல் தெரியச் சிரித்தாள். நான் கொண்டுபோன மைலோ டின்னை வாங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாலதி என் நாவலைக் கொண்டுவந்து காட்டினாள். முழுக்க ஜெராக்ஸ்! யாரோ மலேசியாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் ஒரு பிரதி கொண்டுவந்திருக்கிறார். செந்தில்குமார் அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாக மிஷினில் வைத்து, வெளியே வர வரப் படித்திருக்கிறார். கள்ளப் பிரதிதான். ஆனால் ஒரு பக்கத்தைக்கூட விடவில்லை. திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒருநாள் வந்து, புத்தகத்துல சொன்ன மாதிரி போறேன், தேடாதீங்கன்னுச்சு. அரியலூர் பஸ்ல ஏறுனத பாத்தவங்க இருக்காங்க. போன் எடுக்கல. எங்க வூட்டுக்காரரு மெட்ராஸ் போய்ப் பாத்துட்டு வந்தாரு, திருச்சியில பாத்தாரு."

"அரியலூரில் பார்த்தீர்களா?"

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அரியலூரா? அது நம்ம மாவட்டமா இருந்துச்சு டீச்சர். பிரிச்சாங்க, சேத்தாங்க, மறுபடி பிரிச்சாங்க. அங்க போயி யாராச்சும் காணாமப் போவாங்களா? ரயில் ஏறப் போனவங்கள ரயில் ஏறுன ஊர்லயா தேடுவாங்க?"

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறு துப்பு இல்லை. பெரம்பலூரில் ரயில் கிடையாது. என் கதாநாயகன் முதலில் ஏறுவது ரயிலில். கிளம்பும்போது மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பங்காளிவூட்ல ஒருத்தர உக்கார வெச்சுக்கலாம்னு மாமியா சொல்றாங்க. எம்புள்ளைக்கு மாமன் உசிரோட இருக்கறப்ப எதுக்கு டீச்சர் அடுத்தவங்க மடி?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அரியலூர் நெருங்க நெருங்க லாரிகள் பெருகின. சாலையோர மரங்களின் இலையெல்லாம் வெள்ளைப் புழுதி. ஈப்போவிலும் சுண்ணாம்புக்கல்தான், சிமெண்ட்தான். ஆனால் எங்கள் ஊரில் அது மலையாக நிற்கிறது. இங்கே பள்ளமாகக் கிடக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூக்கடை அம்மாவிடம் ஆரம்பித்தேன். "இங்கே பெரம்பலூர்..."

"பெரம்பலூரா? அந்தா கடைசியில நிக்குது பாருங்க."

"இல்லை, பெரம்பலூர் செந்..."

"செந்துறை வேற பஸ்ஸு. பெரம்பலூர் அதுதான். எடுக்கப் போறான், ஓடுங்க!"

பழக்கடையில் கேட்டேன். அவரும் கையைக் காட்டினார். பெட்டிக்கடையில் நான் வாயைத் திறந்து "பெரம்..." என்றதும் அங்கே நின்ற ஒரு பெரியவர் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். திருடன் என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் பெரம்பலூர் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பையை ஒரு சீட்டில் போட்டுவிட்டு, "எடம் புடிச்சாச்சு, ஏறுங்கம்மா!" என்றார். பையை எடுக்க ஏறினேன். கூட்டம் என்னைப் பின்னாலிருந்து தள்ளி அந்த சீட்டிலேயே உட்காரவைத்தது. பஸ் புறப்பட்டுவிட்டது.

கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னேன். "எடம் கெடச்சும் எறங்கறேங்குறீங்களேம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். வெளியே அந்தப் பெரியவர் எனக்குக் கையாட்டினார். வேறு வழியில்லாமல் நானும் ஆட்டினேன். இப்படியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பெரம்பலூர்.

சனிக்கிழமை புத்தியோடு நடந்துகொண்டேன். பெரம்பலூர் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை என்று தீர்மானம். நேராக அரியலூர் ரயிலடி. செந்தில்குமாரைத் தெரியுமா என்று கேட்டேன். மாலதி அனுப்பிய படத்தையும் காட்டினேன். யார் கல்யாணத்திலோ எடுத்தது. கறுப்புக் கண்ணாடியும் நெற்றியில் சந்தனமுமாக நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாளை விடிந்தால் காதுகுத்து. சரக்கு வண்டி நிற்கிற பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மாலதிக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. "யோவ் பெரம்பலூரு! சோறு ஆச்சா?"

பட்ட பாட்டில் நான் முதலில் பஸ்ஸைத்தான் தேடினேன்.

"இந்தா ஆச்சுண்ணே!" என்று தார்ப்பாய்க் கொட்டகையிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தார். தாடி, தலையில் துண்டு, கையில் கரண்டி. சிரித்தார். யாழினியின் தெற்றுப்பல்!

"செந்தில்குமார்!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கரண்டி கீழே விழுந்தது.

லோடுமேன்களின் மேஸ்திரி கலியமூர்த்தி தோளிலிருந்த துண்டை உதறிவிட்டு வந்தார். "ஒம்பேரு செந்தில்குமாரா? சொல்லவேயில்லயேடா!"

"கெடுத்துட்டீங்களேங்க" என்றார் செந்தில்குமார் என்னிடம். "இங்க யாருக்கும் எம்பேரு தெரியாது. ஊரு பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. பேரு தெரியாத வரைக்கும் இருக்கலாம்னு இருந்தேன். இப்ப கெளம்பணும். நீங்க யாரு?"

"அந்த விதியை எழுதினவள்" என்றேன்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். "பொம்பளைங்களா? அட்டைய ஜெராக்ஸ் போடலீங்க, தெரியல."

முதலில் சாப்பிடச் சொன்னார். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. என் நாவலில் கதாநாயகன் பல ஊர்களில் சாப்பிடுகிறான். ஓர் ஊரிலும் இவ்வளவு நல்ல குழம்பை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வந்தேன். மொதல்ல வந்த ரயிலு நிக்காம போயிடுச்சு. வந்து நிக்கிற வண்டின்னுதான எழுதியிருந்தீங்க? காத்துக்கிட்டிருந்தேன். மொதல்ல வந்து நின்னது கூட்ஸு. சரி, விதி இதுதான்னு ஏறுனேன்."

"எங்க ஆளு புதுசா வந்திருக்கான்னு நெனச்சு நான் தலையில மூட்டைய வெச்சேன்" என்றார் கலியமூர்த்தி. "ரெண்டாவது மூட்டையில உக்காந்துட்டான். கை ரெண்டும் பஞ்சு. சரி, அடுப்புப் பக்கம் போடான்னேன்."

"பசியும் இங்கயே எடுத்துச்சா, எறங்கிட்டேன்" என்றார் செந்தில்குமார்.

ஒரு நாவலைப் படித்து, வீட்டைத் துறந்து, கிளம்பிய ஊருக்கு அடுத்த ஊரிலேயே நின்றுவிட்ட ஒருவரை என்னவென்று எடுத்துக்கொள்வது? "இங்கே சந்தோஷமா இருக்கீங்களா தம்பி?"

யோசித்தார். "தெரியலீங்க. தூக்கம் நல்லா வருது."

நாளைக்குக் காதுகுத்து என்றேன். மடி இல்லாமல் மாலதி அழுவதைச் சொன்னேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். "யாழினிக்கு மொட்டையா? அந்த முடியெல்லாமா?" என்று மட்டும் கேட்டார். அடுப்பிலிருந்து நிமிர்ந்து, "பேரு தெரிஞ்சுபோச்சு, காலையில கெளம்பித்தான் ஆகணும். ஆனா மொதல்ல வந்து நிக்கிற வண்டியிலதான் ஏறுவேன். அது எங்க போனாலும் சரி" என்றார்.

"ஐயா, அது கதை. நான் சும்மா எழுதினது."

"எழுதுனது எழுதுனதுதானுங்க."

என் சொல்லை இவ்வளவு மதிக்கிற ஒரே ஆள், நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறார்! தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல இருந்தது.

ராத்திரியை ரயிலடி வெயிட்டிங் ரூமில் கழித்தேன். ஞாயிறு விடிகாலையில் பஸ் ஸ்டாண்டு வந்தோம். கடவுள் புண்ணியத்தில் பெரம்பலூர் பஸ் விளக்குப் போட்டு நின்றது. "ஏறுங்க தம்பி!" என்றேன்.

"அது ஏற்கெனவே நின்னுக்கிட்டிருக்குதுங்க. வந்து நிக்கணும்."

அடப்பாவி! விதி எழுதிய எனக்கே தோன்றாத நுணுக்கம். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு நின்றேன். வந்து நின்றது ஜெயங்கொண்டம் பஸ். நேர் எதிர்த் திசை. அவர் ஏறினார். விட்டுவிட முடியுமா? நானும் ஏறினேன்.

மாலதி கூப்பிட்டாள். ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம், ஆசாரி வந்துவிட்டார், எங்கே இருக்கிறீர்கள் என்றாள். "பஸ்ஸில்" என்றேன். அது பொய் இல்லை.

ஊர் தாண்டியதும் பொறுமை போய்விட்டது. "என் புத்தகத்தின் மேல் பழியைப் போடாதீங்க தம்பி. ஒரு நாவலைப் படிச்சுட்டு யாரும் வீட்டைவிட்டுப் போக மாட்டாங்க. வாங்கிப் படிக்கவே மாட்டேங்கறாங்க. உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு வயசு நாப்பதை நெருங்குதுங்க. பொண்ணு பாத்துப் பாத்துச் சலிச்சாச்சு. ஜெராக்ஸ் கடைன்னா யாரும் குடுக்கறதில்ல. சரி, போவுதுன்னு நான் வுட்டுட்டேன். ஊரு வுட மாட்டேங்குது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், செந்திலு ஒனக்கு எப்பங்குறாங்க. வயசுக்கு வந்த புள்ளைக்கு மாலை போடப் போனா அங்கயும் அதே கேள்வி. காதுகுத்துன்னா நடுவுல, எல்லாருக்கும் முன்னாடி உக்காரணும். ஒவ்வொருத்தரா வந்து கேப்பாங்க. என்னால முடியலீங்க."

"அப்போ என் நாவல்?"

"போறவன் ஒரு காரணம் சொல்லிட்டுப் போவணும்ல? இது கவுரவமா இருந்துச்சு."

எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் தத்துவம் ஒரு மனுஷனுக்குச் சாக்காகத்தான் பயன்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிதாக, பாவம், இந்தப் பிள்ளை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் கண்டக்டர், "கைகாட்டி எறங்கறவங்க வாங்க!" என்றார். வி.கைகாட்டி. வழி கேட்காதவனுக்கு இப்படி ஓர் ஊர்!

சட்டென்று புத்தி வந்தது. "தம்பி, எனக்குப் பசிக்குது."

"இப்பயா?"

"பசிக்கிற இடத்தில் இறங்கணும். எழுதுனது எழுதுனதுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கினோம். ஒரு சின்னக் கடையில் பூரி சாப்பிட்டோம். எனக்குத் தொண்டையில் இறங்கவேயில்லை. மணி என்ன என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எந்த வண்டி வந்து நின்று எங்கே கொண்டுபோகுமோ! கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவரைக் காணோம். ஓடிவிட்டாரா?

சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

"இந்தப் பக்கம் வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார். "இங்க எது வந்து நின்னாலும் அரியலூர்ப் பக்கந்தான் போவும்."

வண்டி எதுவாக இருந்தாலும், சாலையின் எந்தப் பக்கம் நிற்பது என்பது நம் கையில்தானே இருக்கிறது. அவ்வளவு பெரிய நாவலில் இது என் கதாநாயகனுக்குத் தோன்றவே இல்லை. முதலில் வந்து நின்றது செங்கல் ஏற்றிய மினி லாரி. டிரைவர் பக்கத்தில் இருவரும் நெருக்கியடித்து ஏறினோம்.

அரியலூரில் பஸ், பெரம்பலூரில் ஆட்டோ. வாலிகண்டபுரத்துக்கு வெளியே அய்யனார் கோயில் வாசலில் நாங்கள் இறங்கும்போது மாலதி பாதைக்கு நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து அண்ணன் நெஞ்சில் ரெண்டு குத்து குத்தினாள். அப்புறம் அங்கேயே சாய்ந்து அழுதாள். "எங்க போயிருந்த?"

"அரியலூரு."

"அரியலூரா!" என்று இன்னும் ஒரு குத்து குத்தினாள்.

யாழினிக்குத் தாடி புரியவில்லை. மடியில் வைத்ததும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினாள். அவர் துண்டை எடுத்துவிட்டுப் பல்லைக் காட்டினார். அவள் விரலால் அந்தத் தெற்றுப்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடங்கிவிட்டாள். முடி இறங்கியது. ஆசாரி காதைத் தொட்டதும், "மாமா! மாமா!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். இந்தப் பக்கம் யாழினி அழ, அவளைவிடச் சத்தமாக அந்தப் பக்கம் தாய்மாமன் அழுதார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் நிறைந்து, எதிரே எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது.

இனிமேல்தான் கண்டம் என்று எனக்குத் தெரியும். பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வர ஆரம்பித்தார்கள். பெரியப்பா ஒருவர் தடி ஊன்றி வந்து, "ஏண்டா செந்திலு" என்று ஆரம்பித்தார். செந்தில்குமார் தலையைக் குனிந்துகொண்டார். கண் மட்டும் சாலைப் பக்கம் போனது.

"எளைச்சுட்டியேடா. நல்லா சாப்புடு. எல்லாம் நல்லபடியா முடியும்" என்று முதுகில் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்த அத்தையும் கேட்கவில்லை. அதற்கடுத்து வந்தவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கு இரண்டாவது பாயசம் வந்தது. செந்தில்குமார் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் மாலதியின் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"பொண்ணு உங்க மவளுங்களா, அண்ணன் மவளுங்களா?"

"எந்தப் பெண்?"

"எங்களுக்குத் தெரியாதுங்களா? டீக்கடையில, தையக்கடையில பையனப் பத்தி விசாரிச்சீங்களாம். குடிப்பாரா, பழக்கம் எப்படின்னு. பொண்ணுவூட்டுக்காரங்கதான அப்படி விசாரிப்பாங்க? பெரம்பலூர் பூரா தெரியும். நல்ல காரியம் முடியுறதுக்குள்ள நடுவுல பேசிக் கெடுத்துடக் கூடாதுன்னு யாரையும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லிப்புட்டேன்."

அட ராமா! அந்த பஜ்ஜிக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. மறுப்பதற்காக வாயைத் திறந்தேன். எதிரே செந்தில்குமார் மொட்டைத் தலை யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாமல் லட்டு பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

அதுவும் பொய் இல்லை.

மைக்கில் யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்று செய்முறை படித்தார்கள். "மலேசியா ஈப்போ சரஸ்வதி டீச்சர், மைலோ டின் ஒன்று!" என்று ஊரே கேட்க ஒலித்தது. அதற்குப் பிறகு எல்லோரும், "சரஸ்வதிம்மா, தண்ணி வேணுங்களா", "சரஸ்வதிம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றார்கள்.

சாயங்காலம் செந்தில்குமார் மாலதி வீட்டு பைக்கில் என்னை ஏற்றி, லாட்ஜில் இருந்த என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். மாமியார் சொன்னதை வழியில் சொன்னேன். வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "ஒரு வருஷத்துக்கு யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றார். பிறகு, "உங்க பேரு எங்க ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க கெளம்பித்தான் ஆகணும்" என்றார்.

"உங்க பேரும்தான் தெரியும். நீங்க?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கேட்பதற்குக் கூச்சப்பட்டவர்போல வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். "யாழினி என்னை மாமான்னுதான கூப்புடுது? அது பேர்ல சேராதுல்லங்க?"

"சேராது" என்றேன்.

"எழுதுனவங்களே சொல்றீங்க."

"சொல்றேன். அது பேரில் சேராது."

"அப்ப நான் இருந்துக்கறேன்" என்றார்.

அவர் எதிரில் அழ வேண்டாம் என்று, வந்து நின்ற பஸ்ஸில் சட்டென்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணை விட்டு மறைகிறவரை கையாட்டினேன். ஊர் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் வந்தார்.

"திருச்சி ஒண்ணு" என்றேன்.

"இது துறையூர் போவுதும்மா. கேட்டு ஏறக் கூடாது?"

அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதுகூட இல்லை. காலையில் விமானம். பெட்டி மடியில். இறக்கிவிடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் பசிக்கிற இடத்தில்தானே இறங்க வேண்டும்? பந்தியில் பாயசமே இரண்டு. பசி என்று ஒன்று இனிமேல்தான் வர வேண்டும்.

"சரி, துறையூருக்கே குடுங்க" என்றேன்.